மந்திரமூர்த்தியின் ஆமா

யார் எதைச் சொன்னாலும் இடையிடையே 'ஆமா' போட்டுக் கேட்பது மந்திரமூர்த்தியின் பழக்கம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் அது வகுப்பையே கலைத்துவிட்டது. வரலாற்றுப் பேராசிரியர் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, "பாபர் பானிப்பட்டுக்கு வந்து சேர்ந்தார்" என்றார். பின்பெஞ்சிலிருந்து "ஆமா" என்று ஒரு குரல் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "எதிரே இப்ராஹிம் லோடியின் படை நின்றது" என்றார்.

"ஆமா."

"யாருய்யா அது? நீயும் கூடப் போயிருந்தியோ?"

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. எழுந்து நின்ற மந்திரமூர்த்திக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்றே விளங்கவில்லை. பெரியவர் ஒருவர் ஒரு சங்கதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கல்லுப்பிள்ளையார் மாதிரி எப்படி உட்கார்ந்திருப்பது? அது மரியாதைக் குறைவு அல்லவா?

அவன் வளர்ந்த ஊர் அப்படி. களக்காட்டுக்கு மேற்கே, மலையைப் பார்த்துக்கொண்டு வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் கிடந்த ஊர். அவனுடைய அப்பா சுடலையாண்டி, வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். கோயில் கொடைத் திருவிழா வருகிற மாதங்களில் மட்டும் தலைச்சும்மாட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, வில்லுப்பாட்டுக் குழுவோடு குடம் அடிக்கப் போய்விடுவார். பாக்குமட்டையை வெட்டிச் செய்த தட்டியால் மண்குடத்தின் வாயில் அவர் அடிக்கிற அடி, பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும் என்று பேச்சு. வில்லுப் பாடுகிறவர் ஓர் அடியை இழுத்து நிறுத்தினால், பக்கத்தில் இருக்கிறவர்கள் 'ஆமா' என்று ஏந்திக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், மேலே சொல்லும் என்று பொருள். ராசா நீதி தவறினான் என்றாலும் ஆமாதான். பச்சைப்பிள்ளையைக் கிணற்றில் போட்டார்கள் என்றாலும் ஆமாதான்.

கேட்டுக் கேட்டு அது ஊர்ப்பேச்சிலும் ஏறிவிட்டது. வாழைத்தாருக்கு விலை பேசுகிற இடத்திலும் அதேதான். வியாபாரி ஒரு விலை சொல்வார், "ஆமா" என்பார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த வியாபாரிகள் பேரம் படிந்துவிட்டது என்று நினைத்துத் தாரில் கைவைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போனதுண்டு.

அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் மந்திரமூர்த்தி. ஏன் வரலாறு எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வரிசையில் நின்றபோது அந்த ஜன்னலில் கூட்டம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் படிப்பின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஊருக்குப் போகிறபோதெல்லாம், தோட்டத்து மடையில் உட்கார்ந்து தங்கச்சி இசக்கியம்மாளுக்கு முகலாயர் கதையைச் சொல்லுவான். அவளும் ஆமா போட்டுக் கேட்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் அரசு மாணவர் விடுதி. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார்கள். தாமிரபரணியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியை வெயிலில் விரித்துப் பிடித்தபடியே திரும்பி நடந்தால், விடுதி வாசலுக்கு வருவதற்குள் அது காய்ந்திருக்கும். பிறகு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்ஸின் படிக்கட்டு. உள்ளே இடமிருந்தாலும் படிக்கட்டுதான். "உள்ள ஏறுங்கலே, ஒங்கள ஈன்னு இளிச்சிக்கிட்டுத் தொங்கவா பெத்துப் போட்டாவ?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். தினமும் யாரோ ஒருத்தன் "ஆமா" என்பான்.

அவனுடைய கூட்டாளி காஜா முகைதீன். மேலப்பாளையத்துக்காரன், அதே வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அவனுடைய தாயார் ஆசியா உம்மாள் கொடுத்தனுப்புகிற பாத்திரம் எப்போதும் ஒரு ஆளுக்கு அதிகமாகவே இருக்கும். முதல் வருடம் அந்தக் கல்லூரியில் மந்திரமூர்த்தியை ஆமைக்குட்டி என்று எல்லாரும் கிண்டல் பண்ணியபோது, "அவன் ஆமா போட்டா ஒனக்கென்னலே நோவுது? ஒன்னிய மாதிரிக் குறட்டையா விடுதான்?" என்று கேட்டவன் காஜா ஒருவன்தான்.

மூன்றாம் வருடம் கல்லூரி திறந்த ஆனி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் காற்றோடு சேர்ந்து அந்த அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகம் கல்விக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் ஒன்றுசேர ஏற்றியிருந்தது, கிட்டத்தட்ட இரட்டிப்பாக. மாதக் கடைசிக்குள் கட்டாதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று கீழே ஒரு வரி. அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்ற கூட்டத்தில் காஜாதான் முதலில், "வாப்பா இதப் பார்த்தா என்னிய எங்க வெறகுக் கடைக்கு அனுப்பிட்டு, பலகையையும் வெறகுக்கு வாங்கிட்டுப் போயிருவாவ" என்றான்.

அன்று சனிக்கிழமை. மந்திரமூர்த்தி நேரே ஊருக்குப் போனான். அவனுடைய கெட்ட காலம், பம்பாய் மாமாவும் கொடைக்காக வந்திருந்தார். தாய்மாமா. தாராவியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கழுத்தில் மைனர் செயின், பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு இந்தி.

"அரே, என்ன மாப்ள, வரலாறு படிக்கியாமே? செத்துப்போனவனுவ கணக்கெல்லாம் படிச்சு யாருக்குலே பொட்டணம் மடிக்கப் போற?" என்றார் மாமா.

"மாமா, இந்த ஒரு வருசந்தான். முடிச்சா டிகிரி."

"டிகிரிய வச்சு நாக்கா வழிப்ப? கடைக்கு ஆள் வேணும். சலோ, கெளம்பி வா. ரெண்டு வருசத்துல ஒனக்குத் தனியா ஒரு பெட்டிக்கடை வச்சுத் தாரேன்."

சுடலையாண்டி அதிகம் பேசமாட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மூர்த்தி, பழைய கட்டணத்துக்கே எனக்கு முழி பிதுங்குது. அதுன்னா எப்பிடியாச்சும் பொரட்டிருவேன். புதுசு நம்மளால ஏலாது. கொறைச்சாம்னா படி. இல்லேன்னா மாமா கூடப் போயிரு. இதுல எனக்கு ஒம்மேல ஒரு வருத்தமுமில்ல" என்றார். அவர் வருத்தமில்லை என்று சொன்னதுதான் மந்திரமூர்த்திக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. மாணவர் பேரவைச் செயலாளர் குருபிரசாத் முன்னால் நின்றான். நெல்லை டவுன் பையன், சைவப் பிள்ளைமார் வீடு. அவனுடைய அப்பா தமிழாசிரியர். நல்ல மனசுக்காரன், போலீஸ் வந்தாலும் பின்வாங்காதவன். ஆனால் கோஷத்தை அவனே எழுதினான்.

"பெருகிவரும் கட்டணப் பெருஞ்சுமையைப் பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது!"

திருப்பிச் சொல்ல வேண்டிய கூட்டம் திணறியது. முன்வரிசை 'கண்டிக்கிறது' என்றது. நடுவரிசை 'பெருஞ்சுமை' வரைக்கும் வந்து மூச்சு வாங்கியது. சாலையோரம் நின்றவர்கள் "ஒழிக!" என்று பொதுவாக எதையோ ஒழித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். மதியத்துக்குள் கூட்டத்தில் பாதி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கரைந்துவிட்டது.

"பிரசாத்து, ஒன் கோஷத்துக்குப் பதவுரை வேணும் போலுக்கே" என்றான் காஜா. பிறகு மந்திரமூர்த்தியின் முதுகில் ஒரு குத்துவிட்டு, "ஏலே மந்திரம், நீ ஒரு சத்தம் குடு. கொடையில குடுக்க மாதிரி" என்றான்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அது சாமி காரியம்."

"பம்பாய் ரயில் ஏறுனா சாமியையும் பார்க்க முடியாது, ஆசாமியையும் பார்க்க முடியாது. சத்தங் குடுலே."

மந்திரமூர்த்தி வாகைமரத்தடிக் கல்லின் மேல் ஏறினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையும் யோசிக்காமல் ஆரம்பித்தான்.

"வாழத்தாரு வெல எறங்கிப் போச்சு..."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து, சேரன்மகாதேவிப் பையன்கள் நின்ற பக்கமிருந்து, தானாகவே வந்தது. "ஆமா!"

"நெல்லு வெல படுத்துப் போச்சு..."

"ஆமா!" இப்போது சாத்தான்குளத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"படிக்கப் போற பிள்ளைக் கட்டணம்..."

"ஆமா!"

"பனமரம் ஏறி நிக்குது பாரு!"

"ஆமா! ஆமா!"

காஜா ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தான். ரப்பர் செருப்பைக் கழற்றி அதன் வாயில் ஒரு அடி போட்டான். 'தொம்' என்றது. அவ்வளவுதான், பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். கொட்டாவி விட்ட போலீஸ்காரரின் பூட்ஸ் கால் தாளம் போட்டதைப் பார்த்ததாகப் பிறகு பலர் சத்தியம் செய்தார்கள். பெண்கள் பக்கத்தில் வேதியியல் படித்த சபீதா கூட்டம் சேர்த்தாள். அவள் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பாள், மந்திரமூர்த்தி அதை இழுத்து நீட்டுவான், ஊரே ஆமா போடும். வகுப்பில் அவனை ஆமைக்குட்டி என்றவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் போட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தன. ஆசியா உம்மாள் சட்டியோடு இடியாப்பம் அனுப்பினாள். யார் வீட்டிலிருந்தோ புளியோதரை வந்தது. மந்திரமூர்த்தியின் தொண்டை கட்டிப்போய், அடித்தொண்டையில் ஒரு புதுக் குரல் கிடைத்தது. பின்னாளில் எத்தனையோ கூட்டங்களில் பேசியும், அந்த வாரத்துச் சந்தோஷம் போல இன்னொன்று அவனுக்கு வாய்க்கவில்லை. சொன்னதைக் கேட்க ஆயிரம் பேர் இருந்தார்கள், கேட்டோம் என்று ஒவ்வொரு வரிக்கும் சொன்னார்கள். இருபது வயதில் ஒருத்தனுக்கு வேறு என்ன வேண்டும்?

பிறகுதான் கோட்டாட்சியர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே கும்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், மெதுவான பேச்சு. போலீஸ் கொண்டுவந்த ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"தம்பிகளா, நானும் பஸ்ஸுல போயி படிச்சவந்தானுங்க."

"ஆமா!" என்றது கூட்டம்.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. "யுனிவர்சிட்டிக்கு இப்ப ஏகப்பட்ட செலவுங்க."

"ஆமா!"

"கட்டடம் கட்டோணும். வாத்தியாருங்களுக்குச் சம்பளம் குடுக்கோணும்."

"ஆமா!"

மந்திரமூர்த்தி கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தான். அவன் கையை உயர்த்தினால் 'இன்னும் சத்தமாக' என்று ஒரு வாரமாக அவர்களுக்குப் பழகியிருந்தது.

"அப்ப, கட்டணத்தைக் கொஞ்சம் ஏத்தித்தானுங்களே ஆகோணும்?"

"ஆமா! ஆமா!" காஜாவின் கை தன்பாட்டுக்குக் குடத்தில் விழுந்தது. தொம்.

கோட்டாட்சியர் ஒலிபெருக்கியை இறக்கினார். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு. "இத்தனை பக்குவமான பசங்களை நான் பார்த்ததே இல்லீங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு, எல்லாரையும் பார்த்து மறுபடி கும்பிட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

புழுதி அடங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று கூட்டத்துக்கு உறைத்தது.

"சோலி முடிஞ்சிது" என்றான் காஜா.

குருபிரசாத் தலையில் கைவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டான். "நான் எழுதுன கோஷம் யாருக்கும் விளங்கல, சரி. ஆனா அதுல நாம ஒத்துக்கிட்டோம்னு யாரும் சொல்லியிருக்க முடியாதுல்லா?"

"ஒங்க வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டுச் சாவிய ஆத்துல எறியணும்" என்றாள் சபீதா. "நீங்களுந்தான் போட்டிய" என்று யாரோ சொன்னான். "ஆமா, போட்டேன்" என்றவள், சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: கட்டண உயர்வுக்கு மாணவர்கள் ஒப்புதல். அந்தப் பத்திரிகை அன்றைக்கே களக்காட்டு டீக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. யாரோ படித்துச் சொல்ல, சுடலையாண்டி கேட்டார். மாமா பம்பாய்க்குத் திரும்புகிற ரயிலில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுடலையாண்டி மகனைக் கூட்டிப்போக வந்தார். கல்லூரி வாசலில் மறுபடியும் கூட்டம் சேர்ந்திருந்தது. மந்திரமூர்த்தி கல்லின் மேல் நின்று கட்டிப்போன தொண்டையால் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குப் பின்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, சுடலையாண்டி பைய முன்னால் நடந்து வந்தார். மகனிடம் போகவில்லை. நேரே காஜாவிடம் போனார்.

"ஏலே, குடத்தச் செருப்பால அடிக்காத!"

"அண்ணாச்சி, நான் மேலப்பாளையம். எனக்கு இந்த மொறை எல்லாம் எங்க தெரியும்?" என்றான் காஜா நடுங்கிப்போய்.

"தெரியலேன்னா விசிறியால அடி. அட்டையால அடி. செருப்பா?" என்றவர், மகன் பக்கம் திரும்பினார். "இவனுக்கு நீயாவது சொல்லப்படாதா?"

"அப்பா..." என்று கல்லிலிருந்து இறங்கினான் மந்திரமூர்த்தி. காஜா நாக்கைக் கடித்துக்கொண்டு செருப்பைக் காலில் மாட்டினான்.

"பேப்பர்ல போட்டிருக்கான்லா. நீங்க சரின்னுட்டியளாம். பொறவு என்னத்துக்கு இங்கன நின்னு கத்திக்கிட்டு கெடக்க? துணிமணிய எடு, போவம். மாமா ரயிலுக்குச் சொல்லியாச்சு."

"நாங்க சரின்னு சொல்லலப்பா. ஆமான்னுதான் சொன்னோம்."

ஊரில் வேறு யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். சுடலையாண்டி சிரிக்கவில்லை. "அந்த ஆபீசருக்கு இது தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதாக ஏற்பாடு: குருபிரசாத், சபீதா, மந்திரமூர்த்தி. பின்னாலேயே சுடலையாண்டியும் வந்தார். பையனைக் கையோடு கூட்டிப்போகாமல் விடுவதில்லை என்று அவருக்கு.

கோட்டாட்சியர் முகத்தில் நேற்றைய ஈரம் இல்லை. "நேத்து ஆமாங்கறீங்க, இன்னைக்கு இல்லைங்கறீங்க. நான் கலெக்டருக்கே சொல்லிப்போட்டனுங்க."

"ஐயா, அது இந்த வட்டாரத்து ஒலிக்குறிப்பு. உடன்பாட்டுப் பொருளில் வருவதன்று" என்றான் குருபிரசாத்.

"எங்கூர்ல ஆமான்னா ஆமாதானுங்க. தம்பி, இலக்கணம் எல்லாம் வேண்டாம்." அப்போதுதான் கதவோரம் நின்ற சுடலையாண்டியைப் பார்த்தார். "பெரியவர் யாருங்க?"

"இவன் அப்பா" என்று மகனைக் காட்டினார் அவர். கோட்டாட்சியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். படித்த பிள்ளைகளிடம் பேசுவதைவிட இது நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"தோட்ட வேலைங்களா?"

"ஆமா."

"பையனைக் கூட்டிட்டுப் போகத்தானுங்களே வந்தீங்க?"

"ஆமா."

"படிப்பும் வேண்டாம், போராட்டமும் வேண்டாம். பொழப்பப் பார்க்கோணும்."

"ஆமா."

"பாருங்க தம்பி" என்று மந்திரமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார் கோட்டாட்சியர். "உங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு."

சுடலையாண்டி பதறிப்போனார். "அய்யா, நான் இன்னும் பதிலே சொல்லலையே! நீங்க பேசி முடிக்கட்டும்னுல்லா கேட்டுக்கிட்டு நிக்கேன்."

கோட்டாட்சியர் அவரைப் பார்த்தார், மாணவர்களைப் பார்த்தார், மேஜை மேல் கிடந்த நேற்றைய பத்திரிகையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் பேசி முடிச்சுட்டனுங்க. உங்க பதில் என்னங்க?" என்றார்.

மந்திரமூர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார் சுடலையாண்டி மெதுவாக. "இந்தா இப்ப வரைக்கும் அதான் நெனப்பு. அய்யா, நான் தலை நரைக்குத வரைக்கும் குடம் அடிக்கேன். எங்க செட்டுல ஆமா போட நாலு பேரு உண்டு, அதுல ஒருத்தன் ஒறங்கிருவான். இவன் ஒரு சத்தம் குடுத்தா ஊரே போடுது. இவனக் கொண்டுபோயி ஒரு கடைல பருப்பு மடிக்க விட்டா நல்லாவா இருக்கும்? பய படிக்கட்டும். நீங்க அந்தக் கட்டணத்த மட்டும் பழைய மாதிரி ஆக்கிக் குடுத்திருங்க."

மாணவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று கோட்டாட்சியர் அந்த நாலு பேர் முன்னாலேயே தொலைபேசியில் கலெக்டரிடம் சொன்னார். பல்கலைக்கழகம் உடனே இறங்கி வரவில்லை. போராட்டம் மேலும் நீண்டது, கடைசித் தேதியைத் தள்ளிவைத்தார்கள், பேச்சுவார்த்தை என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் ஒரு பிற்பகலில் மூவரையும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பழைய கட்டணம். அடுத்த வருடம் சேருகிறவர்களுக்குப் புதியது.

குருபிரசாத் சபீதாவைப் பார்த்துச் சிரித்தான். மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இசக்கியம்மாள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் கல்லூரிக்கு வரவேண்டியவள்.

"புதுசா வாரவங்களுக்கும் சேர்த்துக் கேட்டுத்தான் நாங்க உக்காந்தோம் சார்" என்றான்.

"அதுக்கு மேல எங்கைல இல்லீங்க தம்பி" என்றார் கோட்டாட்சியர். அவர் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

வராந்தாவில் வந்து நின்று மூவரும் பேசினார்கள். "கிடைச்சத வாங்கிக்கிடுவோம் மூர்த்தி. இன்னும் இழுத்தா வருசமே போயிரும்" என்றான் குருபிரசாத். "வாங்கிக்கிடுவோம், ஆனா ஜெயிச்சிட்டோம்னு மட்டும் சொல்லாதீய" என்றாள் சபீதா. மந்திரமூர்த்தி திரும்ப உள்ளே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். வாசலில் காத்திருந்த கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் போனது. கீழே ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்க எல்லாம் அழகாக இருந்தன. அவன் மட்டும், தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிப் போனான்.

அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இசக்கி மாட்டுக்குப் புல் உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பழைய கட்டணம் ஆயிட்டு."

"ஆமா."

"ஆனா எங்களுக்கு மட்டுந்தான்."

அவள் புல்லை உதறுவதை நிறுத்தினாள். "அப்ப எங்களுக்கு?"

"புதுசு."

"நல்லாருக்குல்லா! நீ பஸ்ஸுல ஏறிக்கிட்டு, படிய ஒடைச்சுக் கைல வச்சுக்கிட்டியாக்கும்?"

ஆயிரம் பேருக்கு முன்னால் நில்லாமல் பேசிய வாய் அவள் முன்னால் ஒட்டிக்கொண்டது. அவளே மறுபடி புல்லை உதறிக்கொண்டு, "சரி, சவத்தத் தள்ளு. மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க?" என்றாள். "நீ முடிச்சு ஒரு சோலிக்குப் போ. எங்கட்டணத்த நீ கட்டு. கட்டலேன்னு வையி, ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும், ஒன் பொண்டாட்டி முன்னால நின்னு கோஷம் போடுதேன். ஆமா போட நாலு பிள்ளைய கூட்டிட்டு வருவேன்."

பம்பாய் மாமா தனியாகத்தான் ரயில் ஏறினார். சுடலையாண்டி எப்படியோ பழைய கட்டணத்தைப் புரட்டிவிட்டார். மந்திரமூர்த்தி அந்த வருடம் படித்த மாதிரி எந்த வருடமும் படித்ததில்லை. பானிப்பட்டுப் பேராசிரியரே ஒரு நாள் பாடத்தின் நடுவில் நிறுத்தி, "ஏன்ப்பா, ஆமா கேக்கலையே? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

தேர்வு முடிவு வந்த வருடத்துக் கொடை நோட்டீஸில், கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்கள் பட்டியலில் 'சு. மந்திரமூர்த்தி, பி.ஏ.' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஊர் நோட்டீஸில் ஒரு பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து வந்தது அதுதான் முதல் தடவை. சுடலையாண்டி அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடம் அடிக்கப் போன ஊர்களிலெல்லாம் காட்டினார். மந்திரமூர்த்திக்கு அதைப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. இசக்கி நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு, "பொம்பளப் பேரு ஒண்ணுகூடக் காணோமே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தேர்வு எழுதி முடித்த மறுவாரமே அவன் களக்காட்டு வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதப் போயிருந்தான். அப்பா தார் ஏற்றுகிற அதே மண்டி. காலையில் கணக்கு, மாலையில் டுடோரியலில் பாடம். பி.ஏ. படித்துவிட்டு மண்டியில் உட்காருகிறானே என்று நாலு பேர் பேசினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பல வருடம் கழித்து அரசு வேலை வந்தது, கல்யாணம் ஆயிற்று. காஜா துபாய்க்குப் போனான். குருபிரசாத் சென்னையில் வக்கீலானான். சபீதா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். அதெல்லாம் பின்னால்.

தேர்வு முடிந்த அந்த வருடத்து ஆனி மாதம், மந்திரமூர்த்தி இசக்கியோடு கல்லூரிக்குப் பஸ் ஏறினான். புதிய கட்டணத்தை அவன்தான் கட்டினான், தான் எதிர்த்துச் சத்தம் போட்ட கட்டணத்தை, முனங்காமல், வரிசையில் நின்று. ரசீதைத் தங்கச்சியின் கையில் கொடுத்தான். அவள் புதுச் செருப்பு சத்தம் போட வகுப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். என்ன பாடம் எடுத்திருக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்க வேண்டும், கணிதம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

அவளைத் தொடர்ந்து அவனும் நாலடி நடந்தான். புதிதாக வேலைக்கு வந்திருந்த காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, எங்க போற? ஆபீஸோட நிக்கணும். அங்கன படிக்கிற பிள்ளைய மட்டுந்தான்."

"நான் இங்கன படிச்சு முடிச்சவன்லா அண்ணாச்சி" என்றான் மந்திரமூர்த்தி. சொல்லிவிட்டு, மண்டியில் வாழைக்கறை பட்டிருந்த சட்டையின் கைமடிப்பை நன்றாக நீவி விட்டுக்கொண்டான்.